பெட்டிக்குள் தேயிலை, பெட்டிக்காகக் காடு

இறம்பொடையில் என் அம்மாயி வீட்டு அடுப்படி மூலையில் ஒரு மரப்பெட்டி கிடக்கிறது. மூடி போய்விட்டது. விளிம்புகளில் அடித்திருந்த தகரம் துருவேறி, நாலு மூலையில் இரண்டில்தான் மிச்சம். பக்கத்துப் பலகையில் கறுப்பு மையில் குத்திய ஆங்கில எழுத்துகள் பாதி அழிந்துவிட்டன. தோட்டத்தின் பெயர் தெரியவில்லை. தேயிலையின் தரமும் ஓர் இலக்கமும் மட்டும் தெரிகின்றன. ஒரு காலத்தில் அதற்குள் அரிசி இருந்தது, பிறகு துணி, பிறகு மழைக்காலத்துக்கான சுள்ளி விறகு. லயத்துக் காம்பராவிலிருந்து தனிவீட்டுக்குக் குடிபெயர்ந்தபோது பல சாமான்களை விட்டுவிட்டு வந்தவர், இதை மட்டும் தலையில் தூக்கிக்கொண்டு வந்தார்.

தேயிலையின் கதை மலையகத்தில் எல்லாருக்கும் தெரியும். தேயிலை போன பெட்டியின் கதையை யாரும் கேட்பதில்லை. அது எந்த மரம், எந்தக் காட்டில் நின்றது, யார் காசில் அறுபட்டது என்று தேடப் போனால், சீனத்தில் தொடங்கி அண்டார்டிக்கா வரைக்கும் போய், சிங்கராஜக் காட்டுக்குள் நுழைந்து, கூடலூர் வழியாகத் திரும்ப வேண்டியிருக்கிறது.

தொடக்கம் கான்டன் துறைமுகம். தேயிலைக்கு இரண்டு எதிரிகள்: ஈரம், வாசனை. பக்கத்தில் எது இருந்தாலும் அதன் மணத்தை இழுத்துக்கொள்ளும் பண்டம் அது. ஆறு மாதம் கடலில் கிடந்து லண்டனில் இறங்கும்போது மிளகு நாற்றமும் தார் நாற்றமும் அடித்தால் வாங்க ஆளிருக்காது. அதனால் சீன வணிகர்கள் மரப்பெட்டியின் உள்ளே மெல்லிய ஈயத் தகட்டைப் பொருத்தி, அதன்மேல் தாள் போட்டுத் தேயிலையை அமுக்கி அடைத்தார்கள். ஈயத் தகட்டுக்குள் கிடந்த தேயிலையைத்தான் ஐரோப்பாவின் சீமாட்டிகள் நூறு வருடங்களுக்கு மேல் குடித்தார்கள் என்பதை இன்று நினைத்தால் வயிற்றைக் கலக்கும்.

அந்தச் சீனப் பெட்டிகளில் 342, 1773 டிசம்பர் 16 அன்று இரவு அமெரிக்காவின் பொஸ்டன் துறைமுகத்தில் கடலுக்குள் வீசப்பட்டன. பள்ளிக்கூடத்தில் படித்த ‘பொஸ்டன் தேநீர் விருந்து’ இதுதான். வரியை எதிர்த்தவர்கள் கோடாரியால் பெட்டியை உடைத்து, தேயிலையைக் கொட்டி, வெற்றுப் பெட்டியையும் தூக்கி எறிந்தார்கள். மறுநாள் காலை கரையில் ஒதுங்கிய ஒரு சின்னப் பெட்டியை ரொபின்சன் என்ற பையன் எடுத்துக்கொண்டு போனான். அவன் குடும்பம் அதைத் தலைமுறை தலைமுறையாகப் பொத்தி வைத்திருந்தது. இன்று அது பொஸ்டன் அருங்காட்சியகம் ஒன்றில் இருக்கிறது. தேயிலை கரைந்து போன பிறகும் பெட்டியை வைத்துக்கொள்ளும் பழக்கம் அம்மாயி கண்டுபிடித்தது இல்லை என்பதற்காகச் சொன்னேன்.

சீனாவிடமிருந்து தேயிலையைத் திருடிய கதை பிரசித்தம். ரொபர்ட் ஃபொர்ச்சூன் என்ற தாவரவியலாளர் சீனர் வேடத்தில் தேயிலை நாடுகளுக்குள் திரிந்து, 1851இல் செடிகளையும் விதைகளையும் ஆட்களையும் கப்பலேற்றி இந்தியாவுக்குக் கொண்டுவந்தார். அந்த ஆட்களின் பட்டியல்தான் சுவையானது. தேயிலை செய்யத் தெரிந்த கைகாரர்கள் ஆறு பேர். கூடவே ஈயத் தகடு அடிப்பவர்கள் இரண்டு பேர். இலையை மட்டும் நகலெடுத்தால் போதாது, பெட்டியையும் நகலெடுக்க வேண்டும் என்பது அந்தத் திருடருக்குத் தெரிந்திருக்கிறது. அதற்கு முன்பே, 1839 ஜனவரியில், அசாமில் விளைந்த தேயிலை முதன்முதலாக லண்டனில் ஏலம் போனது. எவ்வளவு? எட்டுப் பெட்டி. ஏலப் பத்திரங்கள் அளவைப் பெட்டிக் கணக்கில்தான் பேசின. நெல்லுக்கு மூட்டை எப்படியோ, தேயிலைக்குப் பெட்டி அப்படி.

இனி நம் மலைக்கு வரலாம். இறம்பொடையிலிருந்து கம்பளைப் பக்கம் இறங்கினால் புசல்லாவை. நுவரெலியாப் பக்கம் ஏறினால் லபுக்கலை. இந்த இரண்டுக்கும் ஒரே குடும்பத்துத் தொடர்பு உண்டு. ரொத்ஸ்சைல்ட் வங்கிக் குடும்பத்தின் உறவினர்களான வேர்ம்ஸ் சகோதரர்களில் ஒருவர், மொரிஸ் வேர்ம்ஸ், 1841இல் சீனாவிலிருந்து கொண்டுவந்த தேயிலைச் செடிகளைப் புசல்லாவையில் தங்கள் ரொத்ஸ்சைல்ட் தோட்டத்தில் நட்டார். லபுக்கலையிலும் கொஞ்சம் நட்டார்கள். ஆனால் அது கோப்பிக் காலம். தேயிலை வெறும் வேடிக்கை. கோப்பிக்குப் பெட்டி வேண்டாம்; பீப்பாயில் அடைத்தால் போதும். கொழும்பில் பீப்பாய் செய்கிறவர்களுக்குத்தான் அன்று மவுசு.

இந்தப் பாதையின் பழைய நிலைமையைச் சொல்ல ஒரு சம்பவம் இருக்கிறது. நுவரெலியாவில் ஆங்கிலக் கிராமம் ஒன்றை உண்டாக்கக் கிளம்பிய சாமுவேல் பேக்கர், தன் வேலைக்காரர் ஒருவர் புத்தம்புதுக் குதிரை வண்டியை இறம்பொடைக் கணவாயில் பள்ளத்தில் கவிழ்த்த கதையைத் தன் நூலில் எழுதியிருக்கிறார். கவிழ்ந்த வண்டியை இழுத்து வர யானை அனுப்பினார்கள். அந்த வேலைக்காரர் ஓட ஓட விரட்டியதில் யானையும் செத்துப்போனது. ஒரு வண்டியை ஒழுங்காகக் கொண்டுவர முடியாத இந்த வழியில்தான் பின்னாளில் லட்சக்கணக்கான பெட்டிகள் இறங்கிப் போயின. நானுஓயாவுக்கு 1885இல்தான் ரயில் வந்தது. அதுவரை மாட்டு வண்டிதான், கம்பளை ரயில் நிலையம் வரைக்கும்.

1869இல் கோப்பி இலையில் துரு விழுந்தது. பத்துப் பதினைந்து வருடத்தில் கோப்பி அழிந்தது. பட்ட கோப்பி மரங்களின் அடித்தண்டைச் சீவி இங்கிலாந்துக்கு அனுப்பி, தேநீர் மேசைகளுக்குக் கால் செய்தார்கள் என்று பழைய தோட்டக் கதைகள் சொல்லும். செத்த கோப்பியின் காலில் தேநீர் நின்றது என்பதைவிடக் கேலியான பழிவாங்கல் கிடையாது. அதே நேரம் லூல்கந்துரையில் ஜேம்ஸ் டெய்லர் 1867இல் 19 ஏக்கரில் போட்ட தேயிலை கைகொடுத்தது. 1873இல் லண்டனுக்குப் போன அவருடைய தேயிலை 23 இறாத்தல். ஒரு பெட்டியின் கால்வாசிகூட நிரம்பாது.

அந்த 1873ஆம் ஆண்டில் இன்னொன்றும் நடந்தது. லண்டன் கியூ தோட்டத்தின் தலைவர் ஜோசப் ஹூக்கர் எச்சரித்ததன் பேரில், 5,000 அடிக்கு மேலுள்ள காடுகளை வெட்டித் தோட்டம் போடக் கூடாது என்று இலங்கை அரசாங்கம் தடை போட்டது. ஆறுகள் பிறக்குமிடத்தில் மரம் வேண்டும் என்ற கணக்கு. இறம்பொடை அந்தக் கோட்டுக்கு நன்றாகக் கீழே. இங்கிருந்து வளைந்து வளைந்து ஏறிப் போகிற பஸ்ஸில் காது அடைக்கத் தொடங்குகிற இடத்தில் அந்தக் கோட்டைக் கடக்கிறோம். கோட்டுக்குக் கீழே இருந்த காடுதான் கோப்பிக்கும் பின்னர் தேயிலைக்கும் எரிந்தது. இதில் ஒரு முடிச்சு இருக்கிறது. தேயிலை நட மரத்தை எரித்தாயிற்று. தேயிலையை அனுப்பப் பெட்டி வேண்டும். பெட்டிக்கு மரம்?

முதலில் நிழல் மரங்களையும் காற்றுத் தடுப்பு மரங்களையும் அறுத்துப் பார்த்தார்கள். ஆஸ்திரேலியாவிலிருந்து வந்த கிரெவில்லியா அவற்றில் ஒன்று. மலையகத்தில் அதைச் சவுக்கு என்கிறோம். யாழ்ப்பாணத்தில் சவுக்கு என்றால் கடற்கரையில் நிற்கும் வேறு மரம். சிங்களத்தில் கிரெவில்லியாவுக்குப் பெயர் ‘சபுக்கு’. எங்கள் வாயிலிருந்து அவர்கள் வாய்க்குப் போன சொல் என்று கேட்டாலே தெரிகிறது. ‘பெட்டி’ கூடச் சிங்களத்துக்கு நாம் கொடுத்ததுதான். அவர்களுக்கு அது ‘பெட்டிய’. சொல் தாராளமாக இருந்தது, பலகைதான் போதவில்லை. அதனால் ஜப்பானிலிருந்து ‘மோமி’ என்ற ஊசியிலை மரத்தின் பலகைகளைக் கப்பலில் இறக்கினார்கள். காட்டை எரித்துவிட்டு அயலான் காட்டைக் காசு கொடுத்து வாங்கிய முதல் கட்டம் இது.

இரண்டாம் கட்டம் இன்னும் தூரத்தில், பால்டிக் கடலோரம். அதற்கு ஒட்டுப்பலகையின் பூர்வீகத்தைக் கொஞ்சம் பார்க்க வேண்டும். மெல்லிய மரத் தகடுகளை, ஒன்றன் நார் மற்றதன் நாருக்குக் குறுக்கே வரும்படி ஒட்டினால் வளையாது, பிளக்காது. எகிப்தின் சக்காராவில் கிடைத்த ஒரு சவப்பெட்டி ஆறு அடுக்கில் அப்படிச் செய்தது. வயது 4,500 ஆண்டுகளுக்கு மேல். ஆக, ஒட்டுப்பலகையின் முதல் வேலையே பெட்டி ஆவதுதான். பிறகு வெகுகாலம் அது உறங்கியது. மரத்துண்டைச் சுழலவிட்டு, பென்சில் சீவுவதுபோல ஒரே நீளத் தகடாக உரிக்கும் இயந்திரம் பத்தொன்பதாம் நூற்றாண்டில் வந்தது. டைனமைட் கண்டுபிடித்த ஆல்ஃபிரட் நோபலின் தந்தை இம்மானுவேல் நோபல்தான் அதற்குக் காரணம் என்று சொல்லப்படுவதுண்டு. தந்தை மரத்தை உரித்தார், மகன் மலையை உடைத்தார்.

அந்த நுட்பத்தைப் பிடித்துக்கொண்டது இன்றைய எஸ்தோனியாவின் தலைநகர் தாலினில் இருந்த லூதர் குடும்பத் தொழிற்சாலை. 1885 வாக்கில் மூன்றடுக்கு ஒட்டுப்பலகையில் நாற்காலி இருக்கை செய்தார்கள். பேர்ச் மரம், இலேசு, மலிவு, மணம் குறைவு. இதைப் பெட்டியாக்கினால் என்ன என்று லண்டனில் யாருக்கோ மூளை வேலை செய்தது. 1890களின் இறுதியில் ‘வெனெஸ்டா’ என்ற கம்பனி அங்கே முளைத்தது. பெயரிலேயே எஸ்தோனியாவின் ‘எஸ்டா’ ஒட்டிக்கொண்டிருக்கிறது. அதன் பெரிய வாடிக்கையாளர்கள் இந்தியாவின், இலங்கையின் தேயிலைத் தோட்டங்கள். பலகைகள் தட்டையாகக் கட்டுக்கட்டாக வரும். தோட்டத்து ஸ்டோரில் ஆசாரி அவற்றைச் சட்டம் வைத்து, தகர விளிம்பு அடித்து, பெட்டியாக எழுப்புவார். உள்ளே ஈயத்துக்குப் பதிலாகப் பின்னாளில் அலுமினியத் தாள் வந்தது. மலையகத்தில் நாம் அதையும் ‘ஈயத்தாள்’ என்றுதான் சொல்லிக்கொண்டிருந்தோம். பளபளவென்ற அந்தத் தாளில் கிறிஸ்மஸ் நட்சத்திரமும் தைப்பொங்கல் தோரணமும் வெட்டாத பிள்ளை லயத்தில் கிடையாது.

வெனெஸ்டா பெட்டிக்கு ஒரு சாகசம் வாய்த்தது. 1907இல் தென்துருவத்தை நோக்கிக் கிளம்பிய ஏர்னஸ்ட் ஷாக்கில்டன், சுமார் 2,500 வெனெஸ்டா பெட்டிகளில் சாப்பாட்டுச் சாமான்களை அடைத்துக்கொண்டு போனார். பனிக்குள் அடைந்து கிடந்த குளிர்காலத்தில் அவரும் தோழர்களும் பொழுதுபோகாமல் ஒரு புத்தகம் எழுதி அங்கேயே அச்சடித்தார்கள். ‘அவ்ரோரா அவுஸ்ட்ராலிஸ்’ என்று பெயர், 1908. அண்டார்டிக்காவில் அச்சான முதல் புத்தகம். அட்டைக்கு என்ன செய்வது? காலிப் பெட்டிகளின் பலகையை அறுத்துத் தேய்த்து அட்டையாக்கினார்கள். அந்தப் பிரதிகளில் சிலவற்றின் அட்டை உட்புறத்தில் ‘வெண்ணெய்’ என்றும் வேறு சாமான்களின் பெயரும் குத்திய எழுத்துகள் அப்படியே இருக்கின்றன. நம் ஊர்த் தேயிலைப் பெட்டியின் உடன்பிறப்பு ஒன்று உலகின் அடிமுனையில் நூலாக மாறியது. இன்று அதை வாங்க ஒரு சின்னத் தோட்டத்தையே விற்க வேண்டியிருக்கும்.

பெட்டி தேயிலைக்கு அடங்கி நடந்ததா என்றால், அதுவும் இல்லை. தேயிலை ருசி பார்ப்பவர்களின் அகராதியில் இரண்டு வசைகள் உண்டு. ஒன்று, ‘பெட்டி வாடை’: சரியாகக் காயாத பலகையின் மணம் தேயிலையில் ஏறிவிட்டது என்று அர்த்தம். மற்றது, ‘சீஸ் வாடை’: ஒட்டுப்பலகைக்கு அன்று பாலிலிருந்து எடுத்த கேசீன் பசையைத்தான் பூசினார்கள், அது மூக்கைக் காட்டிவிட்டது என்று அர்த்தம். நல்ல கொழுந்து, நல்ல காலநிலை, நல்ல டீமேக்கர் எல்லாம் இருந்தும் பசை ஒன்றால் விலை விழுந்த பெட்டிகள் உண்டு.

லண்டனில் தேயிலையைக் கொட்டிய பிறகு காலிப் பெட்டி அங்கே தனிவாழ்வு வாழ்ந்தது. பிரித்தானியாவில் வீடு மாறுகிறவர்கள் பாத்திரம் பண்டம் அடைக்கத் தேயிலைப் பெட்டியைத்தான் தேடினார்கள். 1950களில் லிவர்பூல் பையன்கள் அதைக் கவிழ்த்து, ஒரு விளக்குமாற்றுக் கம்பை நிறுத்தி, ஒற்றைக் கயிறு கட்டித் தொம் தொம் என்று வாசித்தார்கள். 1957 ஜூலை 6 அன்று ஒரு தேவாலயத் திருவிழாவில் ஜோன் லெனனின் பள்ளிக்கூடக் குழு வாசித்தபோதும் அதில் ஒரு தேயிலைப் பெட்டி வாத்தியம் இருந்தது. அன்றைக்குத்தான் லெனனுக்கு போல் மக்கார்ட்னி அறிமுகமானார். பீட்டில்ஸின் பிறப்புக்கு எங்கள் கொழுந்துக்காரப் பெண்களின் பங்கு என்ன என்று யாராவது ஆராய வேண்டும். நான் பாதி வேடிக்கையாகத்தான் சொல்கிறேன்.

அந்தப் பையன்கள் தட்டிய பெட்டியின் மரம் எங்கிருந்து வந்திருக்கும்? பால்டிக் பலகையாக இருக்க வாய்ப்பு குறைந்துவிட்டிருந்தது. இரண்டாம் உலகப் போர் வந்து அந்தக் கடல் வழியை அடைத்துவிட்டது; லூதர் தொழிற்சாலையை 1940இல் சோவியத் அரசு எடுத்துக்கொண்டது. பிரித்தானியாவுக்கோ போரிலும் தேநீர் வேண்டும். இலங்கையில் தேயிலை இருக்கிறது, பெட்டி இல்லை. அதனால் 1940களின் தொடக்கத்தில் காலிக்குப் பக்கத்தில் கிந்தோட்டையில் அரசாங்கமே ஓர் ஒட்டுப்பலகைத் தொழிற்சாலையைத் திறந்தது. போர்க்காலத் தட்டுப்பாட்டில் அரசு அவசரமாகத் தொடங்கிய தொழில்கள் பல. பெரும்பாலானவை போர் முடிந்ததும் தள்ளாடின. பெட்டிக்குத் தேவை போகவில்லை, ஆகவே கிந்தோட்டை நின்றது. 1957ஆம் ஆண்டின் அரச கைத்தொழிற் கூட்டுத்தாபனச் சட்டத்துக்குப் பிறகு அது ஒட்டுப்பலகைக் கூட்டுத்தாபனத்தின் கைக்கு வந்தது. பேர்ச் போய் கெக்குணயும் ஹொரவும் வந்தன. ஈர வலய மழைக்காட்டின் மரங்கள். கன்னெலியக் காட்டில் கோடாரி விழுந்தது.

இங்கேதான் கதையின் திருப்பம். அதுவரை பெட்டிக்கு எந்த மரம் என்பதை விலை தீர்மானித்தது. இப்போது அரசின் முதல் தீர்மானித்தது. தொழிற்சாலையைக் கட்டிவிட்டால் அதற்குத் தீனி போட்டாக வேண்டும். சும்மா நிற்கும் இயந்திரத்தைப்போல அமைச்சரை உறுத்துவது வேறில்லை. 1960களின் முடிவில் அவிசாவளைப் பக்கம் கொஸ்கமவில் இன்னும் பெரிய ஒட்டுப்பலகை ஆலை ஒன்றுக்குத் திட்டம் எழுந்தது. அதற்கு மரம் சிங்கராஜ வனம். 1970களின் தொடக்கத்தில் இயந்திரங்கள் உள்ளே போயின. தீவில் மிஞ்சியிருந்த கன்னி மழைக்காட்டில், வேறெங்கும் இல்லாத மரங்களும் பறவைகளும் வாழும் இடத்தில், தேயிலைப் பெட்டிக்காக மரம் விழுந்தது.

அந்த வருடங்களை மலையகத்தார் வேறு காரணத்துக்காக மறக்க மாட்டார்கள். 1972இல் காணிச் சீர்திருத்தச் சட்டம் வந்தது. 1975இல் கம்பனித் தோட்டங்கள் அரசுடைமையாயின. இடையே 1973, 74இல் பஞ்சம்; மாவும் அரிசியும் கூப்பனும் இல்லாமல் தோட்டங்களில் ஆட்கள் செத்தார்கள். அதாவது, காடு அரசினுடையது, ஆலை அரசினுடையது, பெட்டி அரசினுடையது, தேயிலையும் அரசினுடையது ஆகிவிட்டது. பெட்டியை நிரப்பியவர் வயிறு மட்டும் யாருடைய கணக்கிலும் இல்லை. அம்மாயி அந்தப் பெட்டிக்குள் அரிசி போட்டு வைத்திருந்தார் என்றேனே, அந்தப் பெட்டி அவர் கைக்கு வந்ததும் அந்தக் காலத்தில்தான். வரும்போது அதில் போட அரிசி இருந்திருக்காது.

சிங்கராஜவுக்காகக் குரல் எழுந்தது. விஞ்ஞானிகளும் இயற்கை ஆர்வலர்களும் விடாமல் எழுதினார்கள், கேட்டார்கள். 1977இல் ஆட்சி மாறியபோது மரம் வெட்டுவது நிறுத்தப்பட்டது. 1978இல் சிங்கராஜ உயிர்க்கோளக் காப்பகம். 1988இல் யுனெஸ்கோ உலக மரபுரிமை. பிறகு இன்னொரு பெரிய தற்செயல். கப்பல்களில் கொள்கலன் வந்தது. ஆறு பக்கமும் மூடிய இரும்புப் பெட்டிக்குள் போகிற தேயிலைக்கு இன்னொரு மரப்பெட்டி எதற்கு? அடுக்கடுக்கான தடித்த தாள் சாக்கு போதும், உள்ளே மெல்லிய அலுமினியப் பூச்சு. 1980களின் பிற்பகுதியிலிருந்து பத்து வருடத்தில் பெட்டி மறைந்தது. சிங்கராஜவில் வெட்டிய மரங்களுக்கு உரிய வயது சில நூறு ஆண்டுகள். அவற்றைப் பெட்டியாக்கிய தேவை இன்னும் இருபதாண்டுகூட நிற்கவில்லை. கொஸ்கம ஆலை மூடப்பட்டது. அது இருந்த சாலாவ வளாகத்தில் பின்னர் இராணுவ முகாம் வந்தது. 2016 ஜூன் 5 அன்று அங்கிருந்த ஆயுதக் கிடங்கு வெடித்துச் சுற்றுவட்டாரமே அதிர்ந்தது.

பாக்கு நீரிணைக்கு அப்பாலும் ஏறக்குறைய இதே நாடகம். இந்தியாவின் ஒட்டுப்பலகைத் தொழில் பிறந்ததே முதலாம் உலகப் போர்க் காலத்தில் அசாமில், தேயிலைப் பெட்டிக்காக. வடகிழக்கின் காடுகள் பல பத்தாண்டுகளாக உரிந்தன. அதற்கு முற்றுப்புள்ளி வைத்த வழக்கு வடகிழக்கில் தொடங்கவில்லை. நீலகிரியில், கூடலூரில் தொடங்கியது. நிலம்பூர் அரச குடும்பத்தைச் சேர்ந்த கோதவர்மன் திருமுல்பாடு கூடலூர்ப் பகுதிக் காடுகள் வெட்டப்படுவதை எதிர்த்து 1995இல் உச்ச நீதிமன்றத்துக்குப் போனார். 1996 டிசம்பர் 12 அன்று வந்த இடைக்கால உத்தரவு நாடெங்கும் பாய்ந்தது. அருணாச்சலத்தின் திராப், சாங்லாங் மாவட்டங்களில் ஒட்டுப்பலகை ஆலைகளை உடனே மூடச் சொன்னது.

கூடலூர் என்றதும் இறம்பொடைக்காரர்களுக்கு வேறொரு நினைப்பு வரும். 1964இன் சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தம் 525,000 பேரை இந்தியாவுக்கு அனுப்பக் கணக்குப் போட்டது. அப்படிப் போனவர்களில் பலருக்கு வேலை கொடுக்கத் தமிழ்நாட்டு அரசு 1968இலிருந்து கூடலூர், கோத்தகிரி, குன்னூர்ப் பகுதிகளில் வனத்துறை நிலத்தில் தேயிலை போட்டது. அதுதான் டான்டீ. எங்கள் சொந்தக்காரர் பாதிப்பேர் அங்கேதான். இலங்கையில் காட்டை அழித்துப் போட்ட தேயிலையில் கொழுந்து பறித்தவர்களை, அங்கே காட்டை அழித்துப் போட்ட தேயிலையில் கொழுந்து பறிக்க வைத்தார்கள். 2022இல் அந்த அரசே 2,152 ஹெக்டேர் டான்டீ நிலத்தை வனத்துறைக்குத் திருப்பிக் கொடுக்க முடிவு செய்தது. யானைக்கும் காட்டுக்கும் நல்லது. மூன்றாவது முறையாக எங்கே போவது என்று கேட்ட தொழிலாளர் குடும்பங்களின் கேள்வியும் நியாயம்தான்.

காட்டைத் திருப்பிக் கொடுப்பது சரி. காடு தானாகத் திரும்புமா? வெட்டிய இடத்தில் கெக்கில்லாப் புதர் மூடிக்கொள்ளும், தீப்பிடிக்கும், மறுபடி புதர். சிங்கராஜவைச் சுற்றி 1970களின் இறுதியிலிருந்து கரீபியன் பைன் நட்டார்கள். மேல் மகாவலி நீரேந்துப் பகுதியின் மொட்டை மலைகளிலும் அதே பைன். மலையகத்தில் யாரைக் கேட்டாலும் ‘பைனஸ்’ தண்ணியைக் குடித்துவிடும் என்று திட்டுவார்கள். பேராதனைப் பல்கலைக்கழகத்தின் நிமல் குணதிலக்க, சாவித்திரி குணதிலக்க தம்பதியும் யேல் பல்கலைக்கழகத்தின் மார்க் அஷ்டனும் அந்தத் திட்டு வாங்கிய மரத்தை வேறு கண்ணால் பார்த்தார்கள். பைனைச் செவிலித்தாயாக வைத்துப் பார்த்தால்? 1990களில் சிங்கராஜ ஓரத்தில் பைன் வரிசைகளை வெவ்வேறு அளவில் வெட்டி, இடைவெளியில் ஹொர முதலான உள்ளூர் மழைக்காட்டுக் கன்றுகளை நட்டார்கள். மொத்தமாக வெட்டினால் வெயில் கருக்கும். வெட்டாமல் விட்டால் இருட்டில் கன்று தேங்கும். அடுத்தடுத்து மூன்று வரிசை எடுத்த இடத்தில் கன்றுகள் நன்றாக எழும்பின.

இப்போது பாருங்கள், பெட்டி தலைகீழாகிவிட்டது. காட்டைக் கொண்டுவரவும் மரம் வெட்ட வேண்டியிருக்கிறது. வெட்டிய மூன்று வரிசையை யார் வாங்குவது? மெலிந்த, முடிச்சு விழுந்த மரத்துக்கு ஆள் வேண்டும். இல்லையென்றால் வெட்டுகிற கூலியே கட்டாது. இந்தச் சிக்கல் உலகமெங்கும் இருக்கிறது. அமெரிக்காவின் மேற்கில் காட்டுத்தீயைத் தடுக்க நெருக்கமான சிறுமரங்களை எடுக்க வேண்டும். வாங்க ஆலை இல்லாமல் குவித்துக் கொளுத்துகிறார்கள். அதற்காகவே 2021இன் உட்கட்டமைப்புச் சட்டத்தில், காட்டை மீட்கும்போது விழுகிற மரத்தை வாங்கிப் பதப்படுத்தும் ஆலைகளுக்கென்று 40 கோடி டொலர் ஒதுக்கினார்கள். கிந்தோட்டைக்கும் கொஸ்கமவுக்கும் கொடுத்ததும் அரசுப் பணம்தான், மர ஆலைக்குத்தான். அங்கே ஆலைக்காகக் காட்டைத் தேடினார்கள். இங்கே காட்டுக்காக ஆலையைத் தேடுகிறார்கள். ஆனால் ஆலைக்குப் பசி எடுத்தால் அது சட்டத்தின் வாசகத்தைப் படிக்குமா என்ற சந்தேகம் சிங்கராஜவைப் பார்த்த எவருக்கும் வரும். எனக்கு வருகிறது.

தமிழ்நாடு இதை மானியம் இல்லாமல் வேறு விதமாகச் செய்து பார்க்கிறது. முதுமலைக் காட்டில் மஞ்சள் கொன்றை என்ற சென்னா ஸ்பெக்டாபிலிஸ் அடர்ந்து, புல்லை ஒழித்து, மானையும் யானையையும் பட்டினி போடுகிறது. தென்னமெரிக்காவிலிருந்து அழகுக்காகவும் நிழலுக்காகவும் கொண்டுவந்த மரம். அதை எடுக்கும் வேலை, கரும்புச் சக்கையில் தாள் செய்து பெயர் வாங்கிய அரசு நிறுவனமான தமிழ்நாடு செய்தித்தாள் காகித ஆலைக்குக் கொடுக்கப்பட்டது. கரூர்ப் பக்கம் காகிதபுரத்தில் அந்த மரம் கூழாகும். மரப்பெட்டியை விரட்டியது தாள் சாக்கு. அந்நிய மரத்தை விரட்ட வந்ததும் தாள் ஆலை.

கூடலூரில் இன்னொரு வழியும் கண்டிருக்கிறார்கள். உன்னிச்செடியின் வளாரை வேகவைத்து வளைத்து, ஆதிவாசிக் கைவினைஞர்கள் ஆளுயரத்துக்கு மேல் யானைகள் செய்கிறார்கள். காட்டில் நிஜமாகவே திரியும் யானைகளின் சாயலில். 2021இல் அந்த யானைக் கூட்டம் லண்டன் பூங்காக்களில் நின்றது. பிறகு அமெரிக்காவுக்குப் போனது. ஒரு காலத்தில் நம் பெட்டிகள் ஏலம் போன நகரத்துக்கு, காட்டைச் சுத்தம் செய்த குப்பை யானையாகிப் போனது எனக்கு இந்தக் கதையிலேயே பிடித்த பகுதி. பேக்கரின் வேலைக்காரர் இறம்பொடைச் சாலையில் ஓடவிட்டுக் கொன்ற யானைக்கு யாராவது ஒன்று செய்து இங்கே நிறுத்தலாம்.

இறம்பொடையில் இன்று தேயிலை ஸ்டோர் வாசலில் விறகு அடுக்கிக் கிடக்கிறது. பெரும்பாலும் டர்பன்டைன் மரம், அதாவது யூகலிப்டஸ். ஒரு கிலோ தேயிலையை உலர்த்தி எடுக்க ஏறக்குறைய ஒன்றரை, இரண்டு கிலோ விறகு எரிய வேண்டும். பெட்டி போனாலும் தேயிலை மரத்தை விடவில்லை. எரிகிறது, அவ்வளவுதான், அடைபடுவதில்லை.

போன முறை வீட்டுக்குப் போயிருந்தபோது பெட்டியை வெளியே இழுத்து, பலகையின் ஓரத்தைச் சுரண்டி, அடுக்கை எண்ணிப் பார்த்தேன். மூன்று. நடு அடுக்கு செம்மையாக இருந்தது. பேர்ச் வெளிறியது என்று படித்திருக்கிறேன். அப்படியானால் இது கெக்குணயா, வேறு ஏதேனும் சிங்கராஜ மரமா என்று மூக்கருகே வைத்து முகர்ந்துகொண்டிருந்தேன். புகை மணம்தான் அடித்தது.

“அந்தப் பொட்டிய என்னத்துக்குடா நோண்டிக்கிட்டு இருக்க?” என்றார் அம்மாயி. “மழ வருது. வெறகு நனையுது பாரு, அள்ளி அதுல போடு.”